கர்னலைத் தேடிப் போன பெரியப்பா

அந்தக் கறுப்புக் கோட்டு ரிச்சர்ட்சன் நகரத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் தொங்கிய மாதங்களில், ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் உள்ளே யாரோ நிற்பதாக நினைத்து நான் ஓரடி பின்வாங்குவேன். தோள் அகலமானது, இஸ்திரி கலையாதது. பாச்சை உருண்டையும் விபூதியும் கலந்த ஒரு வாசனை அதிலிருந்து அறை முழுக்கப் பரவும். டெக்ஸஸ் வெயிலில் பனியனே பாரமாக இருந்த அந்தக் கோடையில், மதுரையிலிருந்து அந்தக் கம்பளிக் கோட்டோடு வந்து இறங்கினார் என் மனைவியின் பெரியப்பா. முறைப்படி எனக்கு மாமா. ஆனால் அந்தக் குடும்பத்தில் பால்காரர் வரை எல்லோருக்கும் அவர் பெரியப்பாதான் என்பதால் எனக்கும் அப்படியே ஆகிவிட்டார். நேரில் பேசும்போது மட்டும் மாமா.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் ஒரு டெலிபோன் கம்பெனியில் என்ஜினியர். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன். அந்தக் காலத்தில் நான் எதற்கெல்லாம் பயந்தேன் என்று எழுதினால் இந்தப் பத்திரிகையில் வேறு எதற்கும் இடமிருக்காது. ஃப்ரீவேக்குப் பயம். மேனேஜர் சிரித்தால் பயம், சிரிக்காவிட்டாலும் பயம். பார்க்கிங் அபராதச் சீட்டு ஒன்று வந்தால்கூட கிரீன் கார்டு கைவிட்டுப் போய்விடும் என்று திடமாக நம்பினேன். இத்தனைக்கும் மேல், மதுரை செஷன்ஸ் கோர்ட்டில் கொலை கேஸ் நடத்திய வக்கீலான பெரியப்பா காலையில் என் எதிரில் உட்கார்ந்து, "மாப்ள, நேத்து சாயங்காலம் லேட்டா வந்தீகளே, என்ன காரணம்?" என்று கேட்பார். டிராஃபிக் என்பேன். எந்த ரோட்டில் என்பார். குறுக்கு விசாரணை முடிவதற்குள் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுவேன்.

பகல் முழுக்க அவருக்குப் பொழுது போகவில்லை. என் மனைவி அவரைப் பக்கத்து நூலகத்தில் இறக்கிவிடுவாள். அங்கேதான் அவர் கர்னலைக் கண்டுபிடித்தார். கர்னல் என்பது டெக்ஸஸ் எல்லைப்புறத்தில் நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்பு வாழ்ந்த ஒரு வக்கீல். எந்தப் பட்டாளத்திலும் கர்னலாக இருந்தவர் இல்லையாம். ஆள் உயரமாக இருந்ததால் ஜனங்களே கொடுத்த பதவி. யாரோ அபிமானி எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறு, பழுப்பு அட்டை போட்டது, நூலகத்தின் கடைசி அடுக்கில் கிடந்தது. பெரியப்பா அதை எடுத்து வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் நான்காவது ஆளாகக் கர்னலும் உட்கார்ந்துகொண்டார்.

கிழக்கிலிருந்து ஒரு கோவேறு கழுதையில் இரண்டு சட்டப் புத்தகங்களோடு வந்தவர் கர்னல். அதில் ஒன்று கப்பல் போக்குவரத்துச் சட்டம். அந்த ஊரில் குடிக்கவே தண்ணீர் கிடையாது. கோர்ட்டு மரத்தடியில் நடக்கும். ஜூரிகளைச் சாராயக் கடையிலிருந்து கைத்தாங்கலாகக் கூட்டி வர வேண்டும். குதிரை திருடியதாகப் பிடிபட்டவனுக்காக, "திருடவில்லை, குதிரைதான் பாசத்தில் பின்னால் வந்தது" என்று வாதாடி ஜெயித்தாராம். பிறகு சட்டசபை, அப்புறம் மாகாண செனட், கவர்னர் தேர்தலில் நின்று தோல்வி, கடைசிக் காலத்தில் ஜட்ஜ் பதவி. பெரியப்பா இதைச் சொல்லும்போது மேலூரில் பிறந்த யாரோ ஒரு சீனியரைப் பற்றிச் சொல்வது போலவே இருக்கும். பெரியப்பாவும் ஒருதரம் முனிசிபல் தேர்தலில் நின்று மண்ணைக் கவ்வியவர். அதனால் கர்னலின் தோல்வியைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் தழுதழுக்கும்.

அவருக்கு உயிரான அத்தியாயம் ஒன்று உண்டு. வேறொரு குதிரைத் திருட்டுப் பழியில் பிடிபட்ட மெக்சிகோக்கார வாலிபன் ஒருவன் ஜெயிலில் இருக்கிறான். விசாரணைக்கு முன்பே அவனைத் தூக்கில் போட ஊரே துப்பாக்கியோடு திரண்டு வருகிறது. அவனுடைய வக்கீலான கர்னல் கையில் ஆயுதம் இல்லாமல் ஜெயில் வாசலில் நின்று பேசுகிறார். அந்தப் பேச்சு புத்தகத்தில் பக்கம் பக்கமாக வருகிறது. பெரியப்பாவுக்கு அது மனப்பாடம். எங்கள் சோஃபாவுக்கு முன்னால் நின்று, கையை நீட்டி, "ஜென்டில்மென்!" என்று ஆரம்பித்தாரானால் மாடி வீட்டுக்காரர் தரையை உதைத்துத் தட்டுவார்.

"அப்புறம் அந்தப் பையன் என்ன ஆனான் பெரிப்பா?" என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள்.

"விடுதலைதான், வேற என்ன? இவ்வளவு ஆர்க்யுமென்ட்டுக்கு அப்புறமும் கன்விக்ஷன் ஆகுமா தாயி?"

அந்த ஜெயிலைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று அவர் முடிவு செய்தது இப்படித்தான். எங்கள் ஊரிலிருந்து மேற்கே அரை நாள் பயணம். நான் வரைபடத்தை விரித்து, அங்கே நல்ல ரோடு இல்லை, ஹோட்டல் இல்லை, வெயில் அதிகம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். உண்மையான காரணத்தைச் சொல்ல வெட்கம். அந்தப் பக்கத்துச் சின்ன ஊர்களில் பிக்கப் வண்டிகளின் பின்கண்ணாடியில் துப்பாக்கியைத் தொங்கவிட்டிருப்பார்கள். நம் ஊர் லாரிகளில் எலுமிச்சம்பழம் தொங்குவதைப் போல அவ்வளவு சாதாரணமாக. என் மனைவிக்கு வேறு கவலை. அவர் கிளம்பி வரும்போது பெரியம்மா போனில் ஒரே வாக்கியம்தான் சொல்லியிருந்தாள்: "அவர முழுசா என்கிட்ட திருப்பி அனுப்பிரு தாயி." பெரியப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. அதைவிட அதிகமாக, எங்கே யார் சண்டை போட்டாலும் நடுவில் போய் நின்று "என்ன விஷயம்?" என்று கேட்கிற வழக்கம் உண்டு.

போனோம். சனிக்கிழமை காலை, கோட்டோடு. ஏசி வேலை செய்யாத பழைய ஓல்ட்ஸ்மொபைல் கார். முன்சீட்டில் பெரியப்பா, பின்சீட்டில் புளிசாதத்தோடு என் மனைவி. சிவப்புக் கல்லில் மணிக்கூண்டு வைத்துக் கட்டிய கோர்ட்டு ஊருக்கு நடுவில் நின்றது. அதன் பின்னால் பழைய ஜெயில். அதை மியூசியம் ஆக்கியிருந்தார்கள். சதுக்கத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த கிழவர்கள் எங்களைப் பார்த்தார்கள். நான் எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு நாயைப் பார்த்தும் சிரித்தேன். மியூசியம் மதியத்துக்கு மேல்தான் திறக்கும் என்று போட்டிருந்ததால், ஜெயிலுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய பெக்கான் மரத்தடியில் துண்டை விரித்துப் புளிசாதம் சாப்பிட்டோம். நல்ல நிழல். பெரியப்பா மரத்தில் சாய்ந்துகொண்டு, "கர்னலும் இங்கிட்டுதான் உக்காந்திருப்பான்" என்றார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

மியூசியத்தைத் திறந்தது வெள்ளைத் தலை வயதான அம்மாள் ஒருத்தி. எங்களை 'ஹனி' என்று கூப்பிட்டாள். ஜெயிலின் இரும்புக் கதவு, கர்னலின் நாற்காலி, தாடி வைத்த படம் எல்லாவற்றையும் காட்டினாள். பெரியப்பா வாசற்படியில் நின்று பார்த்தார். பிறகு அந்தப் பேச்சிலிருந்து நாலு வரி சொன்னார். அம்மாளுக்கு ஆச்சரியம், அந்த ஊரிலேயே யாருக்கும் அது தெரியாது என்றாள். "அந்தப் பையனை எந்தத் தேதியில் விடுதலை செய்தார்கள்?" என்று பெரியப்பா கேட்டார். தீர்ப்பின் நகல் இருந்தால் பார்க்கலாமா என்றும் கேட்டார்.

 அம்மாள், வந்த விருந்தாளிக்குக் காபி இல்லை என்று சொல்வது போன்ற குரலில் சொன்னாள். விசாரணையே நடக்கவில்லை. கர்னல் ரொம்ப நேரம் பேசியது உண்மை, பிரமாதமாகப் பேசினாராம். பேசி முடித்ததும் கூட்டத்தில் ஒருவன் துப்பாக்கியை அவர் நெஞ்சுக்கு நேராகத் தூக்கினான். கர்னல் ஒதுங்கிக்கொண்டார். உள்ளே போய் அந்தப் பையனைக் கொண்டுவந்துவிட்டார்கள். "நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களே, அந்த மரம்தான்" என்றாள். அடுத்த தேர்தலில் அந்த ஊர் முழுக்கக் கர்னலுக்கு ஓட்டுப் போட்டது. சட்டசபைக்கு அவர் போனது அப்படித்தான்.

புத்தகத்தில் பேச்சு முடிந்ததும் அடுத்த அத்தியாயம் தேர்தலில் ஆரம்பிக்கும். நடுவில் ஒன்றும் இல்லை. ஆயுள் முழுக்க சாட்சிகளின் வாயில் விட்டுப்போனதைப் பிடுங்கி எடுத்த வக்கீலுக்கு, அந்த இடைவெளி கண்ணில் படவே இல்லை. பெரியப்பா வெளியே வந்தார். மரத்தைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு காருக்குப் போனார். ஊர் எல்லை தாண்டியதும் வெடித்தார்.

"அவனெல்லாம் ஒரு வக்கீலா மாப்ள? கட்சிக்காரனை விட்டுட்டு ஒதுங்குனவனுக்குக் கோட்டு எதுக்கு? போய் மாடு மேய்ச்சிருக்கலாம்ல? நா இருந்தா..."

"விடுங்க பெரிப்பா, பிரஷர் ஏறும்" என்றாள் என் மனைவி.

"நா இருந்தா நகந்திருக்க மாட்டேன் தாயி. என் மேல ஏறிப் போங்கடா பாப்போம்னு நின்னிருப்பேன்!"

எனக்கு அவர் பேச்சு பாதிதான் காதில் விழுந்தது. சற்று முன் எந்த மரத்தடியில் அப்பளத்தை நொறுக்கினேன் என்பதிலேயே மனசு சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பையன் என் நிறத்தில்தான் இருந்திருப்பான் என்று ஒரு நினைப்பு வந்து ஒட்டிக்கொண்டது. அந்த ஊரை விட்டு எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது என்று என் கால் தானாகவே முடிவெடுத்துவிட்டது. ஸ்கேல் வைத்து இழுத்த கோடு மாதிரி ரோடு, இருபுறமும் காய்ந்த புல். கண்ணாடியில் சிவப்பும் நீலமுமாகப் போலீஸ் விளக்கு சுழன்றது.

ஓரமாக நிறுத்தினேன். கிரீன் கார்டு கண்ணெதிரே சிறகு முளைத்துப் பறந்தது. லைசென்ஸை எங்கே வைத்தேன் என்று நான் குழம்பிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பெரியப்பா இறங்கிவிட்டார்.

அமெரிக்காவில் வாழ்ந்தவர்கள் இந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே போலீஸ் நிறுத்தினால் வண்டிக்குள்ளேயே உட்கார வேண்டும், கைகள் வெளியே தெரிய வேண்டும், சட்டைக்குள் கையை விடவே கூடாது. இறங்கிப் போலீஸ்காரரை நோக்கி நடப்பவன் சுட வருகிறான் என்றுதான் அர்த்தம். நம் ஊரில் நேர் எதிர். இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கி வரும்போது காருக்குள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தால் அது திமிர். பெரியவர் என்று ஒருவர் வண்டியில் இருந்தால் அவர்தான் முதலில் இறங்க வேண்டும். கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு, நாலடி எதிர்கொண்டு போய், விசிட்டிங் கார்டை நீட்டி, "என்ன சார் விஷயம்?" என்று கேட்க வேண்டும். விஷயம் அதோடு முடிந்துவிடும். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து பெரியப்பாவுக்கு அது அப்படித்தான் முடிந்திருக்கிறது. மரியாதை கொடுக்கத்தான் அவர் இறங்கினார். எனக்காகவும் இறங்கினார்; வெளியூரில் மாப்பிள்ளையை ஒருவன் நிறுத்தினால் கூட வந்த பெரியவர் சும்மா உட்கார முடியுமா?

நான் கண்ணாடியில்தான் பார்த்தேன். இளம் வயதுப் போலீஸ்காரன், மீசை இன்னும் சரியாக வரவில்லை. முதலில் வாயைத் திறந்தான். அப்புறம் கத்தினான். அப்புறம் துப்பாக்கி அவன் இரண்டு கைக்கும் நடுவில் இருந்தது. பெரியப்பா நடந்துகொண்டே இருந்தார். அவன் கத்துவது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. போலீஸ்காரர்கள் கத்துவார்கள், வக்கீல் பக்கத்தில் போனதும் அடங்குவார்கள். அவருடைய வலது கை கோட்டுக்குள், நெஞ்சுப் பக்கப் பைக்குள், விசிட்டிங் கார்டைத் தேடிப் போனது.

அந்தக் கணத்தில் நான் செய்த வீரச் செயலைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "மா... மா..." என்றேன். மாமா என்று கூப்பிட நினைத்தது ஆட்டுக்குட்டியின் குரலில் வந்தது. அது பக்கத்து சீட்டைக்கூடத் தாண்டவில்லை.

பின்சீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"சைலேன்ஸ்!"

நம் கோர்ட்டுகளில் நீதிபதி வந்து ஆசனத்தில் அமரும் முன் டவாலிச் சேவகன் போடுகிற அதே சத்தம். அடிவயிற்றிலிருந்து எழும்பி, நடுவில் இழுபட்டு, கடைசியில் சட்டென்று வெட்டுப்படுகிற சத்தம். பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் கோர்ட்டு விளையாட்டு விளையாடுவார்களாம். குரல் பெரிதாக இருந்ததால் என் மனைவிக்கு எப்போதும் டவாலி வேஷம்தான். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், என் காது அடைத்துவிட்டது, பெரியப்பா நின்றுவிட்டார்.

நின்றார் என்றால் சும்மா இல்லை. இரண்டு காலும் சேர்ந்தன. கோட்டுக்குள் போன கை வெறுங்கையாக, மெதுவாக வெளியே வந்து இன்னொரு கையோடு சேர்ந்து முன்னால் நின்றது. முதுகு நிமிர்ந்து, பிறகு தலை குனிந்தது. நடு ரோட்டில், அந்த வெயிலில், துப்பாக்கியைப் பிடித்திருந்த பையனுக்கு மதுரைச் சீனியர் வக்கீல் ஒருவர் நீதிபதிக்குச் செய்கிற வணக்கத்தைச் செய்துகொண்டிருந்தார். அந்தப் பையன் வாழ்நாளில் அப்படி ஒன்றைப் பார்த்திருக்க மாட்டான். துப்பாக்கி கொஞ்சம் தாழ்ந்தது. என் மனைவி ஜன்னலுக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "ஹீ இஸ் மை ஃபாதர்! ஹீ இஸ் ஓல்டு! ப்ளீஸ், ஹீ டஸன்ட் நோ!" என்று கத்தினாள். பெரியப்பா அவளுக்கு அப்பா ஆனது அந்த ரோட்டில்தான்.

அவன்தான் கடைசியில் அவரைக் கைப்பிடித்துக் கூட்டி வந்து சீட்டில் உட்கார வைத்தான். தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டான். வேகத்துக்கு வெறும் எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு என் லைசென்ஸைத் திருப்பித் தந்தபோது அது படபடவென்று ஆடியது. என் கைதான் ஆடுகிறது என்று நினைத்தேன். பார்த்தால் அது இன்னும் அவன் கையில்தான் இருந்தது. "யாரையும் இறங்க விடாதீர்கள், சார். தயவுசெய்து" என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது.

 வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியது. பெரியப்பா திரும்பிப் பார்க்காமலேயே கையைப் பின்னால் நீட்டி அவள் தலையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் குளித்தார், விபூதி பூசிக்கொண்டார், மோர் சாதம் மட்டும் போதும் என்றார். சாப்பிட்டு முடித்துக் கை காய்ந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"மாப்ள, வர்ற வழியில அந்தாள எவ்வளவு ஏசுனேன்?"

"யார மாமா?"

"கர்னலைத்தான். நா இருந்தா நகந்திருக்க மாட்டேன்னு சொன்னேன்ல." தட்டில் விரலால் ஏதோ வரைந்தார். "அந்த ஓட்டை இருக்கே, துப்பாக்கியில, அது அவ்வளவு பெருசா தெரியும்னு எனக்குத் தெரியாது மாப்ள. பாத்துட்டேன், குனிஞ்சப்ப. இவ சத்தம் போடலேன்னா கால் அங்கிட்டு போயிருக்குமா இங்கிட்டு போயிருக்குமான்னு நா சொல்ல முடியாது. அவன் ஒதுங்குனதுக்கு நா தீர்ப்பு எழுத மாட்டேன்."

எனக்கு ஏதாவது ஆறுதலாகச் சொல்லத் தோன்றியது. அதற்கும் பயமாக இருந்தது. அவர் எழுந்து, வாஷ்பேசின் வரைக்கும் போய்த் திரும்பி நின்றார்.

"ஆனா அந்தப் பையனைத் தொங்கவிட்ட கையைப் புடிச்சு ஓட்டு கேட்டான் பாருங்க. அப்ப அவன் நெஞ்சுக்கு நேரா யார் துப்பாக்கி தூக்குனது? அது ஒண்ணுக்கு எங்கிட்டு தேடியும் எனக்கு டிஃபென்ஸ் கெடைக்கல."

புத்தகத்தை மறுநாளே நூலகத்தில் கொடுத்துவிட்டார். ஊருக்குத் திரும்பும் வரை "ஜென்டில்மென்!" என்ற குரல் எங்கள் வீட்டில் கேட்கவில்லை. மாடி வீட்டுக்காரர் ஒருநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, பெரியவர் சௌக்கியம்தானே என்று விசாரித்தார். பெரியம்மா கேட்டபடி முழுசாகத்தான் திருப்பி அனுப்பினோம். அதன்பின் பல வருஷம் கோர்ட்டுக்குப் போனார். என் கிரீன் கார்டும் வந்தது. சட்டப்படி பயப்பட எனக்கு எந்தக் காரணமும் இல்லாமல் போனது. பயம் மட்டும் பழக்கத்தில் தங்கிவிட்டது. ரிச்சர்ட்சனுக்கு வடக்கே, அன்று புல்லும் மாடுமாகக் கிடந்த ஃபிரிஸ்கோ பக்கம் இன்று வீட்டுக்கு வீடு நம்மவர்கள். கோயிலுக்குப் போகிற வழியில் போலீஸ் கார் நின்றால் எல்லோரும் வேகத்தைக் குறைப்பார்கள். நான் மூச்சையும் குறைப்பேன்.

இங்கேயே பிறந்த என் மகள் கார் ஓட்டப் பழகியபோது, பிரேக் எது என்று காட்டுவதற்கு முன்பே, போலீஸ் நிறுத்தினால் இறங்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தேன். "டாட், எவ்ரிபடி நோஸ் தட்" என்றாள். தெரியாத ஒருவர் இருந்தார் என்று இந்தக் கதையைச் சொன்னேன். அவள் அம்மா போட்ட சத்தத்தைக் கேட்டு வாயைப் பிளந்தாள். பெரிய தாத்தா குனிந்து நின்றதைக் கேட்டு அவளுக்குக் கண் கலங்கியது.

"அண்ட் யூ? வாட் டிட் யூ டூ?"

"நான் ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்மா."



"பட் டாட், த கார் வாஸ் பார்க்ட்."

"ஆமா" என்றேன்.